கமால் எப்போ போவான்?

காலம் கடந்து போக முதலில் வேண்டியது எந்திரம் என்று உலகம் நம்புகிறது. இது பெரும் பிழை. முதலில் வேண்டியது கேட் பாஸ். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருட்டாலையின் டைம் கீப்பரான லோகநாதன், இதைப் பதினோரு வாரமாக ஒரு சிறுவர் பத்திரிகைத் தொடரில் நிறுவிவந்தார். 1978 ஜூன் மாதம் ஒரு நாள், அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பாஸுக்காக எதிரே வந்து நின்ற ஃபிட்டர் பூவராகவனிடமும் நிறுவிக்கொண்டிருந்தார்.

"...அத்தத்தான் சொல்றேன், அந்தம்மாவுக்குப் புரியல! ஜானகியம்மா, எடிட்டரு. லெட்டர் போட்டுக்கீறாங்க. 'இந்த வாரமாவது கமால் கேட்டைத் தாண்டாவிட்டால் தொடரை நிறுத்திவிடுவேன். இன்று நாலு மணிக்குள் வரவேண்டும்.' எப்படிக்கீது? அதான் உன் கைல குடுத்து அனுப்பறேன். தங்கச்சியப் பொண்ணு பாக்க வராங்கன்னு நீ வண்ணாரப்பேட்டைக்குத்தானே போற? அப்படியே மண்ணடி வரைக்கும் போயி பத்திரிகை ஆபீஸ்ல குடுத்துடு. பன்னெண்டே கால் பாசஞ்சர உட்டா அஞ்சு மணிக்குத்தான் வண்டி, தெரியும் தெரியும். உக்காரு நைனா.

கதை தெரியுமில்ல? கமாலு, பழவேற்காட்டுப் பையன், நம்ம மாரி ஃபேக்டரில அப்ரண்டிஸு. பழைய இரும்புக் குவியல்ல ஒரு எந்திரம் கெடைக்குது. ஏறிக் குந்தினா முந்நூறு வருசம் பின்னால போவலாம். டச்சுக்காரன் கோட்டைல பூந்து, ஜெயில்ல கீற முப்பாட்டனைக் காப்பாத்தணும். சர்ரியா? ஆனா வேலை டயம்ல எப்படிய்யா வெளிய போவான்? பாஸு வாணாமா? ஆளுக்கு ஒண்ணு, எந்திரத்துக்கு ஒண்ணு... எந்திரத்துக்கு மூணு கையெழுத்து! அதுக்கே நாலு வாரம் ஆச்சு. அப்பறம் 'திரும்பும் நேரம்'னு ஒரு கட்டம் கீதே, அதுல இன்னா எழுதுவ? பத்து மணிக்குப் போறான், வேலைய முடிச்சிக்கினு அன்னிக்கே ஒம்போதரைக்கு வந்து எறங்கறான். அப்ப ஒம்போதரைலருந்து பத்து வரைக்கும் உள்ள ரெண்டு கமாலு! கார்டு ஒண்ணு! எவனுக்குப் பஞ்ச் பண்ணுவ? ...பாத்தியா, முழிக்கற. இத்த மூணு வாரம் எழுதினேன். அந்தம்மா 'சாகசம் எங்கே'ன்றாங்க. இதுக்கு மேல இன்னாய்யா சாகசம்?

பசங்க வேற பேஜாரு. மெஹர்னிசான்னு ஒரு பொண்ணு கார்டு போடுது. 'எழுத்தாளர் மாமாவுக்கு, கதை ஆரம்பிச்சப்போ நான் ஆறாவது. இப்போ ஏழாவது. கமால் எப்போ போவான்?' கேள்வியப் பாரு! ...கடியாரத்தப் பாக்காதப்பா, அது அஞ்சு நிமிசம் ஃபாஸ்ட்டு. இல்ல, ஸ்லோவா? இருக்கட்டும்.

இந்த வாரம் தாண்டிட்டான்யா! மெய்யாலுந்தான்! அந்தப் பொண்ணுக்காவ, மனசு கேக்கல. கேட்டைத் தொறக்கறாங்க, கமாலு எந்திரத்துல குந்திக்கினு அப்படியே... இரு, படிக்கறேன். ரெண்டே பக்கம்."

படித்தார். நாலு பக்கம்.

"நல்லாக்கீதா? உன் மூஞ்சியே சொல்லுது. இன்னாத்துக்குக் காலத் தேச்சிக்கினு நிக்கற? பாஸுதானே? போட்டுத் தரேன். காரணம்... 'சொந்த வேலை'யா? இப்படி மொட்டையா எழுதினா எப்படிப்பா? இன்னா வேலை, எந்த ஊரு... 'தங்கையைப் பெண் பார்க்க வருவதால்'னு போடு. அடிச்சி எழுதினா பக்கத்துல சின்னதா ஒரு கையெழுத்து வேணும். இங்க. ம். சீலு எங்க பூட்டுது? கீழ உழுந்துச்சா..."

லோகநாதன் மேசைக்கடியில் குனிந்தார். சீலோடு நிமிர்ந்தபோது பாஸ் மேசைமேலேயே இருந்தது. கதை உறையும் இருந்தது. பூவராகவன் இல்லை.

"சார்!" வாட்ச்மேன் திருமலை ஓடிவந்தான். "பூவராகவன் பின்செவுரு ஏறிக் குதிச்சி ஸ்டேஷனுக்கு ஓடறான் சார்!"

லோகநாதன் உறையோடு கேட்டுவரை ஓடி, நின்றார். டைம் கீப்பரும் பாஸில்லாமல் வெளியே போகக்கூடாது என்பது அவரே எழுதி அங்கே ஒட்டிய விதி. அவர் பாஸுக்கு மேனேஜர் கையெழுத்து வேண்டும். திரும்பி வந்து, தன் பெயருக்கு ஒன்று எழுதினார். காரணம் மூன்று வரி வந்தது. மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, கமால் வரவேண்டிய பக்கத்தில், புள்ளிகளைச் சேர்த்து யானை வரையும் போட்டி வந்திருந்தது.