விளக்குக்கு வைத்தது

அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தோட்டத்தில், பகலிலும் விளக்குப் போட்டால்தான் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளின் முகம் தெரியும். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் அறை அது. ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் உள்ளே வந்துவிடும். நானும் அங்கே வளர்ந்தவன். அதனால்தான் என் விளக்கை அங்கே வைத்தேன்.

எதனோலில் எரியும் விளக்கு என்றார்கள். உண்மையில் எதுவும் எரிவதில்லை. விளக்கின் மின்கலத்துக்குள் பிளாற்றினமும் வெள்ளீயமும் கலந்த கரும்பொடி இருக்கிறது. அதுதான் ஊக்கி, தான் மாறாமல் வினையை விரைவுபடுத்துவது. அதன்மேல் எதனோல் படும்போது மின்சாரம் வரும். ஆனால் எதனோல் முழுதாக உடையாது, பாதியில் நிற்கும். உடைந்த துண்டுகள் பிளாற்றினத்தில் ஒட்டிக்கொண்டு, அடுத்தது வந்து உட்கார இடமில்லாமல் செய்துவிடும். ஊக்கி நஞ்சடைந்துவிட்டது என்போம். என் ஊக்கி நஞ்சடையாது என்று சொல்லித்தான் ஆய்வுகூடத்தில் வேலை வாங்கியிருந்தேன்.

விளக்கைப் பார்த்துக்கொண்டவர் தோட்டத்துக் காவல்காரர் யாகோப்பு மாமா. முதல் நாளே எதனோல் கேனைக் காட்டி, "மாமா, இது விஷம், வாயில வைக்காதீங்க" என்றேன். அது பொய். கலப்பில்லாத எதனோல், குடித்தால் போதைதான். அவர் குடித்தார். ஒன்றும் ஆகவில்லை. அதன்பின் தினமும் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு, கேன் நிரம்பும்வரை தண்ணீர் ஊற்றி வைத்தார்.

கேட்டபோது சிரித்தார். "ஒன் லைட்டு குடிக்கிறதவிட நான் கொறச்சலாதான் குடிக்கிறேன் தம்பி. அது குடிச்சிட்டுத் தூங்கவும் மாட்டேங்குது."

"விஷம் மாமா அது."

"ஆமாமா. மாசக்கணக்கா செத்துக்கிட்டுதான் இருக்கேன்."

எனக்கு அவர்மீது கோபமில்லை. விளக்கு மங்கியதற்கு அவர் ஊற்றிய தண்ணீர் மட்டும் காரணமில்லை. ஊக்கி அடைத்துக்கொண்டிருந்தது. இந்த விளக்குத் திட்டத்துக்குப் பணம் தந்தவர்கள் பார்க்க வரவிருந்தார்கள். விளக்கு அணைந்தால் வேலை போய்விடும். ஒருவர் புரண்டால் எல்லோரும் விழித்துக்கொள்ளும் அந்தத் தொழிலாளர் லயத்து அறைக்கு நான் திரும்ப வேண்டும்.

மெதனோல் எளிதாக உடையும். கேனில் அதை நிரப்பினேன். எதனோல் என்ற லேபலை மாற்றவில்லை. வருகிறவர்கள் அதைத்தானே பார்ப்பார்கள். மெதனோல் கண்ணைக் கெடுக்கும், ஆளையும் கொல்லும். ஆகவே அவரிடம் போய், "மாமா, இது விஷம், வாயில வைக்காதீங்க" என்றேன். தலையாட்டிச் சிரித்தார்.

விளக்கு நன்றாக எரிந்தது. வந்தவர்கள் கைதட்டினார்கள். மாலையில் பார்த்தபோது கேன் நிரம்பியே இருந்தது. குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார் என்று புரிந்தது. நான் கேட்கவில்லை.

மறுநாள், "பனி இன்னுமா வெலகல தம்பி?" என்று கேட்டார். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். அதற்குள் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. டொக்டர் ஜிப்னா, "ஸ்பிரிட் ஏதாவது குடிச்சாரா? தெரிஞ்சா சொல்லுங்க, மருந்து இருக்கு" என்றார். இருப்பது எனக்குத் தெரியும். எதனோலே ஒரு மருந்துதான். ஈரலிலும் ஓர் ஊக்கி இருக்கிறது. எதனோல் முந்திப்போய் அங்கே இடம் பிடித்துக்கொண்டால், மெதனோல் விஷமாக மாறாமல் மெல்ல வெளியேறிவிடும். என் அலமாரியில் ஒரு போத்தல் இருந்தது. ஆனால் மெதனோல் என்று சொன்னால் விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும்.

"அவர் குடிக்கிறதே இல்ல டொக்டர். சீனி வருத்தம் இருக்கு" என்று நீரிழிவைச் சொன்னேன்.

மூச்சு நிற்கும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது மட்டும் வேலைக்காக நான் செய்ததல்ல.

நான் அவரைக் கொன்றேன் என்று வாக்குமூலத்தில் எழுதுங்கள், கையெழுத்திடுகிறேன். ஆனால் நான் எச்சரித்ததையும் சேர்த்து எழுத வேண்டும். அவரிடம் நான் பொய் சொன்னது முதல் தடவை மட்டும்தான்.