ஷவ்கியின் வீட்டுப்பாடம்

— சும்மா ஒரு பட்டனைத் தட்டிக்கிட்டிருந்தேன்னுதானே சொன்னீங்க? நான் தொழப் போறப்பவும், மாடிக்குத் துணி காயப் போடப் போறப்பவும் ஸ்கிரீன்ல நான் வேலை செய்யறேனான்னு காட்டற அந்த விளக்கு சிவப்பாகிடக் கூடாதுன்னுதானே உங்களை என் மெஷின் முன்னாடி உக்கார வெச்சேன்?

— மொதல் வாரம் அப்படித்தான் தட்டினேன், கேப்டன். சத்தியமா.

— என்னைக் கேப்டன்னு கூப்பிடாதீங்க. நான் கோவமா இருக்கேன்.

— சரி, நஜாத். மொதல் வாரம் ஒரு விரல்தான். அப்புறம் எனக்கே வெக்கமாப் போச்சு. அலெக்சாண்ட்ரியா துறைமுகத்துல கிரேன் ஓட்டின கை இது. ஒத்தக் கையால கப்பலையே காலி பண்ணியிருக்கேன். அந்தக் கை ஒரே பட்டனைக் கோழி மாதிரி கொத்திக்கிட்டு...

— கொத்தியிருக்கணும்! கோழியாவே இருந்திருக்கணும்!

— கம்ப்யூட்டர் வகுப்புல மிஸ் ரிஹாம் என்ன சொன்னாங்க தெரியுமா? "ஷவ்கி மாமா, பத்து விரலும் வேலை செய்யணும், வீட்டுல தினமும் அரைப் பக்கம் அடிச்சுப் பழகுங்க"ன்னாங்க. வீட்டுல இருக்கறது ஒரே கம்ப்யூட்டர், உன் ஆபீஸ் கொடுத்தது. எப்படியும் நான் அது முன்னாடி உக்காந்திருக்கேன். உன் விளக்கும் பச்சையா இருக்கும், என் வீட்டுப்பாடமும் முடியும். ஒரே தூக்குல ரெண்டு பெட்டி.

— அந்த ரெண்டு பெட்டியும் என் தலையில விழுந்திருக்கு இப்ப. இந்தாங்க, கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க. ஆபீஸ்ல என் மேலதிகாரி மதாம் தவ்லத் அனுப்பியிருக்காங்க. "இந்தப் படம் குறித்து இன்று மதியம் உங்களை அழைத்துப் பேசுவேன்."

— அட, இது நான் அடிச்சதாச்சே! எழுத்தெல்லாம் எவ்வளவு நேரா நிக்குது பாரு! ஒரு வரி கூடக் கோணல.

— பெருமை வேற! ஏன் மனுஷா, அவங்க எதுக்கு இத அனுப்பினாங்கன்னு புரியுதா?

— அதான் புரியல. விளக்கு பச்சையாத்தானே இருந்துச்சு? நான் அடிச்சது அவங்களுக்கு எப்படிப் போச்சு?

— அந்தப் புரோகிராம் விளக்கை மட்டும் எரிய விடல. அப்பப்ப ஸ்கிரீனைப் படம் புடிச்சு அவங்களுக்கு அனுப்புது. சேர்ந்த அன்னிக்கே சொன்னாங்களாம். வேலை கிடைச்ச சந்தோஷத்துல எனக்குக் காதுல ஏறல.

— ஸ்கிரீனப் படம் புடிக்குதா? கடவுளே, சாப்பிடறவன் வாயில எட்டிப் பார்க்கற மாதிரியில்ல இருக்கு.

— அது கெடக்கட்டும். என்ன எழுதியிருக்கீங்கன்னு சத்தமாப் படிங்க.

— தலைப்பு, "கணினி கற்றதில் நான் உணர்ந்தவை." மிஸ் ரிஹாம் கொடுத்தது. "என் மனைவி ஓர் அலமாரி நிறுவனத்துக்கு வரும் புகார்களுக்குப் பதில் எழுதுகிறாள். கதவு கழன்றுவிட்டது, கால் ஆடுகிறது என்று வளைகுடாவிலிருந்து கத்துகிறார்கள். அவள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறாள். ஓர் அலமாரியைக் கூட உடைத்தது அவள் இல்லை."

— அது... சரிதான். மேல படிங்க.

— போதுமே.

— படிங்கன்னேன்.

— "அவளுக்கு மேலே மதாம் தவ்லத் என்று ஒருவர் இருக்கிறார். இரவில் ஆந்தைகளெல்லாம் அவர் வீட்டுக்குத்தான் கண் பாடம் படிக்கப் போகின்றன."

— யா லஹ்வி! என் குடியக் கெடுத்துட்டீங்களே! ஆந்தையா? ஆந்தைன்னா எழுதினீங்க?

— ஆந்தைக்குப் பாடம் சொல்லித் தர்றவங்கன்னு எழுதினேன். ஒரு மரியாதையோடதான்.

— சரி, எழுதித் தொலைச்சீங்க. அந்த ஒரு வரிய மட்டும் எதுக்குத் தடியா, கொட்டை எழுத்துல போட்டீங்க?

— அன்னிக்கு வகுப்புல தடிச்ச எழுத்துப் பாடம்.

— சிவப்புல?

— அது மறுநாள் பாடம். திரும்பி வந்து அதே வரிய சிவப்பாக்கிப் பார்த்தேன்.

— அழிக்கறதுக்குன்னு ஒரு பட்டன் இருக்கே, அத உங்க மிஸ் இன்னும் நடத்தலையா?

— அது அடுத்த வாரம்.

— சிரிக்காதீங்க! எனக்கும் சிரிப்பு வருது, அதான் பயமா இருக்கு. ஷவ்கி, கொஞ்சம் யோசிங்க. உங்க கிரேனை இப்ப யாரோ ஒரு பையன் எங்கேயோ ரூமுக்குள்ள உக்காந்து ஓட்டறான். உங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இந்த வீட்டுல மிச்சம் இருக்கற ஒரே வேலை என்னுது. அதுவும் போச்சுன்னா?

— போகாது. நான் சொல்றேன், திருடன் ஒருத்தன் உள்ள புகுந்துட்டான்னு...

— புகுந்து, கட்டுரை எழுதிட்டுப் போனான், அப்படித்தானே? திருடன் மறுநாளும் வந்து சிவப்பு அடிச்சானாக்கும்.

— பொறு, பொறு. உன் போன் அடிக்குது.

— அவங்கதான். நீங்க சமையல் கட்டுக்குப் போங்க. மீனைப் பாருங்க. மூச்சு விடாதீங்க.

— ஸ்பீக்கர்ல போடு.

— போட மாட்டேன்... ஐயோ, கை பட்டுடுச்சு. ஹலோ? சொல்லுங்க மதாம்.

— அஸ்ஸலாமு அலைக்கும், நஜாத். பதிவுக்காகச் சொல்றேன், இந்தப் பேச்சு பதிவாகுது. நீங்க தனியா இருக்கீங்களா?

— ஆமா மதாம்.

— இல்ல மதாம்! நானும் இருக்கேன். ஷவ்கி. நஜாத்தோட வீட்டுக்காரன்.

— மனுஷா!

— எப்படியும் கேப்பாங்கல்ல, விடு.

— கேக்கத்தான் போறேன். பதிவுக்காகக் கேக்கறேன், மதிய நேரத்துல இந்தக் கம்ப்யூட்டர்ல அடிச்சது யாரு?

— நான்தான் மதாம். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. விளக்கு சிவப்பாகாம பட்டனைத் தட்டுங்கன்னு சொன்னா, அவ்வளவுதான்.

— அதச் சொல்லாதீங்களேன்! மதாம், அவர் சொல்றதக் கணக்குல எடுத்துக்காதீங்க, உண்மையச் சொல்ல ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது இவருக்கு.

— பரவாயில்ல. அந்த நேரத்துல நீங்க எங்க போயிருந்தீங்க, நஜாத்?

— தொழ மதாம். அப்புறம் துணி. அப்புறம்... ஒரு நாள் ரெண்டு நாள் சும்மா மாடியில நின்னேன். கடல் காத்து வந்துச்சு.

— மதாம், நான் ஒண்ணு சொல்லலாமா? கிரேன் மேல உக்காந்தவனுக்குக் கூட இறங்கறதுக்குன்னு ஒரு சங்கு ஊதுவாங்க. இவளுக்கு அது கூட இல்ல. எழுந்து போனா மஞ்சள், திரும்பி வர்றதுக்குள்ள சிவப்பு. குழாயடிக்குப் போறவ ஓடிக்கிட்டே போறா, ஓடிக்கிட்டே வர்றா. தப்பு என்னுதுதான். எங்க வந்து சொல்லணுமோ வந்து சொல்றேன். சட்டை தேய்ச்சுப் போட்டுக்கிட்டு வர்றேன். அவ வேலையில கை வெக்காதீங்க.

— முடிச்சிட்டீங்களா?

— முடிச்சிட்டேன் மதாம்.

— பதிவுக்காகச் சொல்றேன். வீட்டில் உள்ள ஒருவர் நிறுவனத்தின் கணினியில் தட்டச்சுப் பழகியிருக்கிறார். வாடிக்கையாளர் கடிதம் எதுவும் தொடப்படவில்லை. ஊழியர் எச்சரிக்கப்பட்டார். விஷயம் முடிந்தது. நஜாத், இனி நடக்காதுன்னு சொல்லுங்க.

— இனி நடக்காது மதாம்!

— ஷவ்கி?

— நடக்காது. அரைப் பக்கத்தை இனிமே நான் வெறுங்காகிதத்துல பத்து விரலால எழுதிக்கறேன்.

— நல்லது. பதிவை நிறுத்தறேன். இருங்க, எங்க இருக்கு அந்தப் பட்டன்... ஆங், நிறுத்தியாச்சு. அப்பாடா. ஆந்தை இப்ப கொஞ்சம் மூச்சு விட்டுக்கலாமா?

— மதாம், அந்த ஆந்தை விஷயம்...

— தடிச்ச எழுத்து. மறுநாள் சிவப்பு. பார்த்தேன், பார்த்தேன். மொதல்ல பொசுக்குனு கோவம் வந்துச்சு. எழுந்து போய்க் கண்ணாடியில பார்த்தேன். கொஞ்சம் சாடை இருக்கு.

— பார்த்தீங்களா மனுஷா, எப்படிப்பட்ட மனுஷியைப் போய்...

— திட்டாதீங்க நஜாத். உங்க வீட்டுக்காரர் கிரேனைப் பத்தி எழுதினத நீங்க படிச்சிருக்கீங்களா?

— இல்லையே. ஆந்தையோட நின்னுட்டோம்.

— கேளுங்க, நான் படிக்கறேன். "கிரேன் கூண்டுக்குள் கேமரா வைத்த நாளிலிருந்து நான் தினமும் அதற்கு வணக்கம் சொன்னேன். கூட வேலை செய்தவர்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள். ஒரு நாள் பல் வலி, வணக்கம் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் காவல் அறையிலிருந்து ஒருவன் அத்தனை படியும் ஏறி, மூச்சு வாங்க வந்து, 'உடம்புக்கு என்ன கேப்டன்?' என்று கேட்டான். அந்தப் பக்கத்திலும் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது."

— ஷவ்கி... இத எங்கிட்ட நீங்க சொன்னதே இல்லையே.

— நீ கேட்டதில்ல. மிஸ் ரிஹாம் கேட்டாங்க.

— நல்ல ஆளு! கூடவே குடும்பம் நடத்தறேன், மிஸ் வந்து கேக்கணுமா?

— சண்டைய அப்புறம் வெச்சுக்கோங்க. எனக்கு நேரம் இல்ல. எனக்கும் ஒரு விளக்கு இருக்குல்ல?

— உங்களுக்கா?

— பின்ன? உங்க விளக்கை நான் பார்க்கறேன், என் விளக்கை மேல ஒருத்தர் பார்க்கறார். அவருக்கு மேல யாரோ. நான் சும்மா இருந்தா எனக்கும் சிவப்புதான். ஆனா படங்களைப் புரட்டிப் பார்க்கறதும் வேலைக் கணக்குல சேரும். அதனால மதியத்துல சாப்பிட்டுக்கிட்டே உங்க வீட்டுக்காரரோட அரைப் பக்கத்த மேலயும் கீழயும் உருட்டி உருட்டிப் படிப்பேன். என் விளக்கு பச்சையா நிக்கும். மாசம் பூரா அப்படித்தான் ஓடுச்சு.

— மாசம் பூராவா? அப்ப மொத வாரமே தெரியுமா உங்களுக்கு?

— இடைவெளி விடற பட்டனையே தட்டிக்கிட்டிருந்தது கூடத் தெரியும். பக்கம் பூரா வெறும் வெள்ளை. பாவம், எதுவுமே எழுத வரல போலன்னு நெனச்சேன்.

— கேப்டன், என்னை இவங்க பாஸ் பண்ணி விட்டுட்டாங்க!

— அப்புறம் எதுக்கு மதாம் இன்னிக்குப் போய்க் கூப்பிட்டீங்க? உயிரே போச்சே எனக்கு.

— நேத்து எழுதினதாலதான். அதையும் படிச்சுடறேன். "இந்த மேசையில் உட்கார்ந்தால், சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு நீல ஜன்னல் தெரிகிறது. நாங்கள் இங்கே குடி வந்ததிலிருந்து அது முழுதாகத் திறந்ததே இல்லை. ரொட்டிக்காரன் வரும்போது மட்டும் கதவு இடுக்கில் ஒரு கை நீண்டு, கயிற்றில் கூடையை இறக்குகிறது. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை. ரொட்டி ஏறியதும் கதவு சாத்திக்கொள்கிறது. உள்ளே யாரோ தனியாக எதையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கைக்கு ஒரு நாள் வணக்கம் சொல்ல வேண்டும். கூச்சமாக இருக்கிறது."

— அது... சும்மா பக்கத்த நிரப்ப எழுதினது மதாம். ஒரு பொம்பளையோட கையப் பார்த்தேன்னு எழுதியிருக்கக் கூடாது. நஜாத், தப்பா எடுத்துக்காத.

— நான் ஏன் எடுத்துக்கறேன்? எனக்கும் அந்தக் கையத் தெரியும். எத்தனையோ நாள் நெனச்சிருக்கேன், யாராவது நோயாளியா இருக்கும்னு... இருங்க மதாம், உங்க போன்ல என்ன சத்தம்?

— என்ன சத்தம்?

— வாத்து கத்தற மாதிரி. எங்க தெரு ரொட்டிக்காரன் சைக்கிள்ல அந்த மாதிரி ஒரு ஹாரன் வெச்சிருக்கான். இதோ, கீழ வந்துட்டான். ஷவ்கி, கேக்குதா? போன்லயும் கேக்குது. ஜன்னல்லயும் கேக்குது!

— கேக்கும். வெளிச்சம் பட்டா ஸ்கிரீன் தெரியலன்னு இந்த நீல ஜன்னலை இத்தனை நாள் சாத்தியே வெச்சிருந்தேன். ரெண்டு பேரும் எழுந்து வெளிய பாருங்க, வளையல் போட்ட கையாலதான் திறக்கறேன். ஷவ்கி, இப்ப சொல்லுங்க அந்த வணக்கத்த.