கால் ஊன்றிய இடங்கள்: சைபர்

பெயர் சுப்பராமன், வயது 66, த/பெ. (லேட்) வேங்கடராமன். தொலைபேசி இலாகாவில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முகவரி: மதுரை, பொன்மேனி. 21.2.2025 காலை 11 மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் முன்னிலையில் நான் சொல்ல, எழுத்தர் எழுதிக்கொண்டது.

நான் மேற்படி முகவரியில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். என் மனைவி ஜானு இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அறுபது வயது தாண்டிய பதினான்கு பேர் சேர்ந்து நடத்தும் சைக்கிள் குழுவில் ஆறு வருடமாக இருக்கிறேன். அதில் வழி பார்ப்பது என் பொறுப்பு. குழு போகவிருக்கும் நீண்ட வழியில் நான் முதலில் தனியாகப் போய், ஏற்றம் எப்படி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். செல்போனைக் கேட்டால் மீட்டர் கணக்கில் சொல்லும். மீட்டர் முழங்காலுக்குப் புரியாது. ஆகையால் எங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சீட்டில் உட்கார்ந்தபடியே மிதித்துப் போய், ஏற்றத்தில் முடியாமல் எத்தனை இடத்தில் காலைத் தரையில் ஊன்றினோமோ, அதுதான் அந்த வழியின் எண். தண்ணீர் குடிக்க நின்றால் அது கணக்கில் சேராது. இதுவரை இருபத்தேழு வழிகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் பொய் இல்லை. இருபத்தெட்டாவதைப் பற்றித்தான் இந்த வழக்கு.

சோலையம்மாள், வயது 63, இரண்டு வருடத்துக்கு முன் குழுவில் சேர்ந்தார். கிராம சுகாதார செவிலியராக இருந்தவர் என்பதால் நர்சம்மா என்று அழைப்போம். கணவர் இல்லை. மகன் அழகுபாண்டி வீட்டில் இருக்கிறார். வலது முழங்காலில் தேய்மானம். ஞாயிறுதோறும் எனக்குப் பின்னால்தான் வருவார். ஏற்றம் தொடங்கும் இடத்தில் இரண்டு முறை பெல் அடிப்பார். அந்தச் சத்தம் காதில் விழாத தூரத்துக்கு நான் ஒருநாளும் முந்திப் போனதில்லை. மற்ற ஆறு நாளும் அந்த பெல்லை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். இது வழக்குக்குத் தேவையா என்று எழுத்தர் கேட்டார். தேவைதான், எழுதுங்கள் என்றேன்.

கடந்த கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் முழங்கால் வலியால் அவர் வரவில்லை. அந்த ஞாயிறுகளில் எனக்குச் சைக்கிளை எடுக்கவே பிடிக்கவில்லை. தை மாதம் மதுரையிலிருந்து திருமங்கலம், டி. கல்லுப்பட்டி, பேரையூர் வழியாக எழுமலை வரை சுமார் எழுபது கிலோமீட்டர் போய் வேனில் திரும்புவது என்று குழுவில் முடிவானது. நான் அவருக்குப் போன் செய்து கூப்பிட்டேன். அவர், "கால் ஊனாத வழின்னா வாரேன் சார். நடுரோட்டுல எறங்கி நின்னு அம்புட்டுப் பேரையும் காக்க வைக்க மாட்டேன்" என்றார்.

அதன் பிறகு 19.1.2025 அன்று நான் தனியாக அந்த வழியில் போனேன். பேரையூர் வரை தொந்தரவு இல்லை. எழுமலைக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால் ஒரு கண்மாய்க் கரை ஏற்றம் வந்தது. பாதியில் ஒரு தடவையும், உச்சிக்குப் பக்கத்தில் ஒரு தடவையும் கால் ஊன்றினேன். ஊன்றிய இரண்டு இடத்திலும் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். தாகம் இல்லை. வீட்டுக்கு வந்து தாளில், தண்ணீர் குடிக்க நின்ற இடங்கள் இரண்டு, கால் ஊன்றிய இடங்கள் சைபர் என்று எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். தாளைப் படமெடுத்து குழுவுக்கு அனுப்பிய பத்தாவது நிமிடம் அவரிடமிருந்து 'வாரேன்' என்று பதில் வந்தது. அதை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று நினைவில்லை.

2.2.2025 ஞாயிறு காலை ஐந்து மணிக்கு ஒன்பது பேர் கிளம்பினோம். பதினொன்றரை மணிவாக்கில் மேற்படி ஏற்றம் வந்தது. பின்னால் இரண்டு முறை பெல் கேட்டது. எங்களில் மூன்று பேர் இறங்கித் தள்ளினார்கள். நானும் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு மிதித்து வந்தார். "எறங்கிருங்க நர்சம்மா" என்று கத்தினேன். இறங்கவில்லை. உச்சிக்குப் பத்தடி இருக்கும்போது சைக்கிள் தள்ளாடி, மிதியில் வைத்த கால் வைத்தபடியே வலப்பக்கம் சாய்ந்தார். இடுப்பு கல்லில் பட்டது.

அதன் பிறகு 108-க்குப் போன் செய்தோம். வண்டி வரும்வரை அவர் முகத்தில் வெயில் படாமல் என் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது அவர் என்னிடம் மட்டும் சொன்னது: "இருபத்தஞ்சு வயசுல இருந்து பதினோரு வருசம் இந்தக் கரையில சைக்கிள் மிதிச்சு ஊசி போடப் போனவ சார் நான். இந்த ஏத்தம் எனக்குத் தெரியாதா? நீங்க சைபர் போட்டிருந்தீங்க. எதுக்குப் போட்டீங்கன்னு தெரிஞ்சுதான் வந்தேன்."

இதைச் சொன்னால் வழக்கு எனக்கு லேசாகிவிடும் என்று சப்-இன்ஸ்பெக்டர் கூறினார். அதற்காகச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அந்த வயது முழங்காலுக்கான ஏற்றம். இன்றைய முழங்காலுக்கு அளந்து பார்த்தவன் நான். அவர் என்கூட வர வேண்டும் என்ற ஆசையில் பொய் எழுதினேன். வேறு காரணம் இல்லை.

இடுப்பில் பிளேட் வைத்திருப்பதாகவும், இனி சைக்கிள் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். விழுந்த மறுநாள் பார்க்கப் போனபோது வார்டு வாசலில் அழகுபாண்டி, "எங்கம்மாவப் படுக்க வச்சது பத்தலையா? இனி இந்தப் பக்கம் வராதீங்க சார்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அன்றிலிருந்து தினமும் மாலை நான்கு மணிக்கு ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டு வரை மட்டும் போய் நின்றுவிட்டு வருகிறேன். மாடியில் ஜன்னல்கள் தெரியும், அவருடையது எது என்று தெரியாது. நேற்று கிளம்பும்போது இரண்டு முறை பெல் அடித்தேன். குற்றமானால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மேற்படி தாளில் சைபரை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதி, கையெழுத்திட்டு ஒப்படைத்திருக்கிறேன். இந்த வாக்குமூலத்தின் நகல் சோலையம்மாளுக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். புகார் கொடுத்த மகன் கேட்டால் அவருக்குக் கொடுப்போம் என்றார்கள். அவர் வாங்கித் தன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினால் எனக்கு முழுச் சம்மதம்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. உண்மையைத் தவிர இதில் வேறு இல்லை. எந்த வரியையும் நான் அடிக்கச் சொல்லவில்லை, பெல் பற்றிய வரியையும்கூட.

(ஒப்பம்) சுப்பராமன்