குடுவைச் செடிகளின் குலவழி கண்ட பியாட்ரிஸ் அம்மையாருக்கு

சேற்றில் இறங்கிச் சான்று தேடிய செம்மையே! குளுவாங் தாவர ஆய்வு நிலையத்தில் முப்பத்தோராண்டு முகஞ்சுளிக்காது உழைத்த மூத்தவரே! எங்கள் அன்புக்கும், இன்று எங்கள் வெட்கத்துக்கும் உரிய பியாட்ரிஸ் அம்மையாரே! தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் வணங்கி விடைதருகிறோம்.

மலாய்க் கம்பத்துச் சிற்றூரார் பெரியோக் கெரா, அதாவது குரங்குப் பானை, என்று சொல்லும் பூச்சியுண்ணும் குடுவைச் செடிகள் சதுப்பில் கலந்து வளர்வதை எல்லாரும் கண்டோம். இரண்டு இனங்களின் கலப்பு என்று எழுதிவைத்து நகர்ந்தோம். தாங்களோ நாற்பத்திரண்டு செடிகளில் இலை கிள்ளி, ஒவ்வொன்றின் மரபணுத் தொகுதியையும் முழுமையாகப் படித்தீர்கள். அங்கே மூன்றாவது இனமொன்றின் துணுக்குகள் தெரிந்தன. இன்று அந்தச் சதுப்பில் ஒரு செடிகூட இல்லாத இனம்! அண்மைக் கலப்பென்றால் துண்டுகள் நீளமாயிருக்கும். தலைமுறைதோறும் உடைந்து சிறுத்திருப்பதால் இது மிகப் பழைய உறவு என்றீர்கள்.

ஏழாண்டுகளுக்கு முன் தாங்கள் இதை எடுத்துச்சொன்ன கூட்டத்தில் நம் தலைவர் திரு. ஜெயபாலன், "சேம்பிள் மாறியிருக்கும் லா, விட்டுருங்க," என்றார். நாங்கள் சிரித்தோம். "சரிங்க, மறுபடியும் எடுக்கறேன்," என்று மட்டும் சொல்லி அமர்ந்தீர்கள்.

அதன்பின் இரண்டாண்டு சதுப்புக்குத் தனியாகவே போனீர்கள். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆளின்றி மரக்கன்றில் கட்டி அளந்ததை, பின்னாளில் தங்கள் படங்களைப் பார்த்துத்தான் அறிந்தோம். கேண்டீனில் எங்கள் பேச்சு தாங்கள் வந்ததும் நின்றுபோகும். அதை உணர்ந்தோ என்னவோ, சோற்றை ஆய்வறைக்கே எடுத்துப்போகத் தொடங்கினீர்கள்; ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுபடியும் அதே முடிவு வந்தது. வெளியூர் ஆய்வகம் தனியே சோதித்தபோதும் அதுவே வந்தது. ஆனால் நாங்கள் ஐயத்தில் கழித்த அந்த இரண்டாண்டில் வாய்க்கால் வெட்டப்பட்டு, சதுப்பின் கிழக்குப் பாதி காய்ந்தது. பதினேழு செடிகள் போயின. எஞ்சிய இருபத்தைந்தும் இருப்பது தங்கள் சான்றால்தான். அதைக் காட்டி அதிகாரிகளிடம் முறையிட்ட பிறகே மேற்குப் பாதியில் வாய்க்கால் வேலை நின்றது.

முடிவு உறுதியான நாளில் யாரிடம் முதலில் சொன்னீர்கள் என்று எங்களில் ஒருவரான லோஷினி போன வாரம் தங்களிடம் கேட்டார்.

"யார்கிட்டயும் இல்லம்மா. அன்னிக்கு லேப்ல நான் மட்டுந்தான். லைட்ட அடச்சிட்டு வீட்டுக்குப் போய்ட்டேன்," என்றீர்கள்.

பொறுமைக் கடலே என்று போற்ற எழுதுகோல் எடுத்தோம். அந்தப் பொறுமையைத் தங்கள்மேல் சுமத்தியவர்கள் நாங்களே என்பதால் அச்சொல்லை விட்டுவிட்டோம். மன்னிப்பு வேண்டுகிறோம்.

முழங்கால் வலி தணிந்து, பார்வை தெளிந்து, நல்ல துணை சூழ நெடுநாள் வாழ்க அம்மையாரே! இருபத்தைந்து செடிகளையும் ஆண்டுதோறும் நேரில் சென்று அளப்போம் என்று உறுதிகூறியே இம்மடலில் கையொப்பமிடுகிறோம். முதற்பயணம் வரும் சனிக்கிழமை காலை. தாங்கள் வந்தால் மகிழ்வோம். எங்களோடு வர மனமில்லையென்றால் அதுவும் நியாயமே, நாங்கள் போவோம்.

ஜெயபாலன், யோகேஸ்வரி, கால்வின், ரூபேந்திரன், லோஷினி
மற்றும் நிலையப் பணியாளர்கள்
குளுவாங், ஜொகூர்