பேச்சு மூடினவள்

– அவளை அந்தப் படியிலேயே நிக்கச் சொல்லுங்க. உள்ள கால் வைக்கக் கூடாது.

– ஏம்மா, மழை கொட்டுது. உன் கூடப்பொறந்த அக்கா தொப்பலா நனைஞ்சு நிக்கறாங்க. நாலடி தூரம்தானே, நீயே சொன்னா என்ன?

– நீங்க சொல்லுங்க. அவகிட்ட நான் பேச மாட்டேன்.

– அக்கா, கேட்டிருக்கும். படியிலேயே நிக்கணுமாம். தப்பா எடுத்துக்காதீங்க, நான் இந்தக் கடையில தைக்கறவன். தபால்காரன் வேலை எனக்குப் புதுசு.

– பரவாயில்ல மாப்பிள்ளை. நிக்கறேன். நீங்க சங்கடப்படாதீங்க. தங்கச்சி எல்லாம் முறையாத்தான் செய்யறா.

– என்ன முறை? வீட்டுக்கு வந்தவங்களை மழையில நிக்க வைக்கறதா?

– அவளே சொல்லட்டும் மாப்பிள்ளை.

– சொல்றேன். இவ்வளவு நாளா உங்ககிட்ட பாதிதான் சொல்லியிருக்கேன். பெரிய ஐயான்னு ஒருத்தர் நடத்தற இல்லத்துலதான் அப்பாவோட நாங்க வளர்ந்தோம். அங்க 'பேச்சு மூடறது'ன்னு ஒண்ணு உண்டு. ஒருத்தி தப்பு பண்ணிட்டான்னு பெரிய ஐயா சொல்லிட்டா, நூறு நாள் அவகிட்ட யாரும் நேரா பேசக் கூடாது. ஏதாவது சொல்லியே ஆகணும்னா நடுவுல ஒரு ஆளை வச்சு, 'அவகிட்ட சொல்லு'ன்னு சொல்லணும். அவளும் அந்த ஆளைப் பாத்துத்தான் பதில் சொல்லணும். நிக்கற இடம் வாசல்படி. சாப்பிடும்போது முகம் சுவர்ப்பக்கம். எனக்குப் பத்தொம்பது வயசுல மூடினாங்க. நான் பண்ணின தப்பு என்ன தெரியுமா? துணி காயப்போடப் போன இடத்துல பக்கத்து வீட்டு ரேடியோவுல ஒரு பாட்டு ஓடிச்சு. நின்னு முழுசாக் கேட்டுட்டேன். அதைப் பெரிய ஐயாவுக்கு எழுதிக் குடுத்தது இந்தா நிக்கறாளே, இவதான். இல்லத்துல எங்க பொண்ணுங்களுக்கெல்லாம் பொறுப்பாளர்.

– ஒரு பாட்டுக்கா நூறு நாள்?

– அதுவும் நல்ல பாட்டு கூட இல்லங்க. அதுதான் இன்னும் எரிச்சல்.

– மாப்பிள்ளை, அவகிட்ட சொல்லுங்க. நான் எழுதிக் குடுத்தது தப்புதான். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். நானும் இல்லத்தை விட்டு வெளிய வந்து மூணு வாரம் ஆச்சு.

– கேட்டியாம்மா? அக்கா என்ன சொல்றாங்கன்னா...

– எனக்குக் காது இருக்கு.

– அப்ப நான் எதுக்கு நடுவுல, அழகுக்கா?

– முறைக்கு. கேளுங்க அவகிட்ட, மூணு வாரமா எங்க தங்கியிருந்தா? கீழ தெருவுல குடையோட நிக்குதே ஒரு பொண்ணு, அது யாரு?

– அந்தப் பொண்ணும் என்கூடத்தான் வந்துட்டா மாப்பிள்ளை. தெரிஞ்சவங்க வீட்டுல இருந்தோம். அவ அங்கேயே இருந்துப்பா, எனக்கு இனிமே முடியாது. தங்கச்சி ஒரு மூலை குடுத்தா போதும். பொத்தான் வைப்பேன், ஓரம் அடிப்பேன், கடையைப் பெருக்குவேன். சும்மா உட்கார்ந்து சாப்பிட மாட்டேன்.

– பாவம்மா. பின்பக்க ரூம்ல துணிப்பொதிதானே கிடக்கு, ஒதுக்கிக் குடுத்துட்டா ஆச்சு.

– இருங்க, அவசரப்படாதீங்க. இந்த நாளுக்காகப் பதினொரு வருஷமா காத்துக்கிட்டு இருக்கேன். கத்தரிக்கோலைக் கையில எடுக்கறப்பெல்லாம் நெனச்சிருக்கேன். ஒரு நாள் இவ வருவா, படியில நிப்பா, நான் நிமிர்ந்துகூடப் பாக்காம துணி வெட்டிக்கிட்டே பதில் சொல்லணும்னு. என்ன சொல்லணும்னு மனசுக்குள்ள எத்தனை தடவை ஒத்திகை பாத்திருக்கேன் தெரியுமா? இப்ப பாதி மறந்து போச்சு, அது வேற விஷயம்.

– ஓஹோ. போன வருஷம் பள்ளிக்கூடச் சட்டைக்கெல்லாம் ரெண்டு கையும் இடது கையாவே வெட்டி வச்சியே, அது இந்த ஒத்திகையிலதானா?

– விளையாடாதீங்க.

– விளையாடல. நீ இங்க வேலை கேட்டு வந்த அன்னைக்கு நடந்ததும் இப்பத்தான் எனக்குப் புரியுது. 'உள்ள வாம்மா'ன்னேன். நீ திரும்பி உனக்குப் பின்னாடி யாரு நிக்கறான்னு பாத்த. உன்கிட்டதான் பேசறேன்னு மூணு தடவை சொல்ல வேண்டியிருந்துச்சு. சரிதான், பொண்ணுக்குக் காது மந்தம் போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

– அது மட்டுமா? சோப்பு வாங்கப் போனா 'எந்தச் சோப்பு'ன்னு கேப்பாங்க. எந்தச் சோப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்? பத்தொம்பது வருஷம் குடுத்த சோப்பைத் தேய்ச்சவ நான். ஒண்ணும் வாங்காம அழுதுக்கிட்டே திரும்பி வருவேன். தட்டுல சோறு ஆறிப்போயிருக்கும், யாராவது 'சாப்பிடு'ன்னு சொல்லுவாங்கன்னு உட்கார்ந்திருப்பேன். ஓடி வந்தா எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன். எங்க முடிஞ்சுது? அவகிட்ட கேளுங்க, எனக்குக் காய்ச்சல் வந்ததே, அது ஞாபகம் இருக்கான்னு.

– இருக்கு மாப்பிள்ளை. அறுபத்தி மூணாவது நாள்.

– நாள் வரைக்கும் சொல்றா பாருங்க. எழுந்திரிக்க முடியாமக் கிடந்தேன். பாத்திரம் தேய்க்கற பொண்ணு ஒருத்தி, யாரு வம்புக்கும் போகாதவ, குனிஞ்சு 'ரொம்ப முடியலையா?'ன்னு கேட்டா. அவ்வளவுதான், வேற ஒரு வார்த்தை இல்ல. ஆனா நேரா கேட்டுட்டா. இவ கதவுகிட்ட நின்னு பாத்துட்டா. அன்னைக்கே அந்தப் பொண்ணுக்கும் பேச்சு மூடிட்டாங்க. மூடினவகிட்ட நேரா பேசினா பேசினவளுக்கும் நூறு நாள், அதுல தயவு தாட்சண்யமே கிடையாது. நான் நூறு முடியற வரைக்கும் நிக்கல. எண்பத்தெட்டாவது நாள் பின்வாசல் வழியா ஓடி வந்தேன். அதனால அவங்களைப் பொறுத்தவரைக்கும் என் பேச்சு இன்னைக்கும் மூடித்தான் இருக்கு. எங்க அப்பா செத்துப் போனது எனக்கு எப்பத் தெரிஞ்சுது தெரியுமா? மூணு மாசம் கழிச்சு. ஏன்டா சொல்லலன்னு விசாரிச்சா, சொல்லி அனுப்ப நடுவுல ஆள் கிடைக்கலையாம்.

– இதை நீ என்கிட்ட சொன்னதே இல்லையே.

– சொல்லி என்ன ஆகப் போகுது? உங்களுக்கு ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு.

– அக்கா, அப்பா விஷயம் நிஜமா?

– நிஜம்தான் மாப்பிள்ளை. அன்னைக்கு எனக்கு அது சரின்னு பட்டுச்சு.

– பட்டுச்சாம். கேட்டீங்களா? என் வயிறு எரியுதுங்க. சரி, அவகிட்ட சொல்லுங்க. இடம் தரேன். பின்பக்க ரூம், மூணு வேளையும் சாப்பாடு. ஆனா நூறு நாள் அவகிட்ட யாரும் நேரா பேச மாட்டோம். நான், நீங்க, நம்ம பொண்ணு, கடைக்கு வர்றவங்க, பால் ஊத்தறவர், ஒருத்தரும். தட்டு தனி, முகம் சுவர்ப்பக்கம். ஒரு தடவை தவறினாலும் திரும்ப ஒண்ணுலேர்ந்து.

– ஏம்மா, நம்ம பொண்ணுக்கு ஆறு வயசு. பெரியம்மாகிட்ட பேசாதன்னு அதுகிட்டப் போய்ச் சொல்லப் போறியா?

– சொல்வேன்.

– அது கேக்காம ஓடிப் போய்ப் பேசிட்டா?

– பேசிட்டா அவளுக்கும்...

– அவளுக்கும்? என்ன நிறுத்திட்ட? சொல்லி முடி.

– துணியை இழுத்துப் பிடிங்க. கோணலாப் போகுது.

– துணி கிடக்கட்டும். என்ன சொல்ல வந்த?

– மாப்பிள்ளை, அவளைத் திட்டாதீங்க. நூறு நாளுக்கு நான் சம்மதம். ரெண்டு மூணு விஷயம் மட்டும் கேட்டுச் சொல்லுங்க. நான் தப்பு பண்ணினா யாரு எழுதி வைப்பா?

– நான்தான்னு சொல்லுங்க.

– நான் அழுதேன்னா?

– அழுதா நாள் கூடும். எனக்குக் கூட்டின மாதிரியே.

– அவ மனசு இளகிட்டா?

– இளகாதுன்னு சொல்லுங்க. பதினொரு வருஷம் இளகல.

– நல்லது. ரொம்ப நல்லது. மாப்பிள்ளை, நீங்க கொஞ்சம் நகருங்க. தங்கச்சி, என்னைப் பாரு. நான் இல்லத்தை விட்டு வரல. இந்த ஊர்ல புதுசா ஒரு இல்லம் ஆரம்பிக்கறோம், முப்பது பொண்ணுங்க. அவங்களைக் கட்டி மேய்க்க ஒரு பொறுப்பாளர் வேணும். ஓடிப்போன நாலு பேரையும் போய்ப் பாத்துட்டு வான்னு பெரிய ஐயா அனுப்பினார். மத்த மூணு பேரும் என்னைக் கண்டதும் அழுதாங்க. கட்டிப் பிடிச்சாங்க, துண்டைக் குடுத்துத் தலையைத் துவட்டச் சொன்னாங்க. அவங்களால ஒரு நாள் கூட ஒரு இல்லத்தை நடத்த முடியாது. நீ ஒருத்திதான் ஒண்ணையும் மறக்கல. என்னைப் படியில நிக்க வச்ச பாரு, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. 'அவ எங்க போனாலும் நம்ம பொண்ணுதான்'னு பெரிய ஐயா அன்னைக்கே சொன்னார். வந்துடு. உன் பேச்சை இப்பவே திறந்துடறேன். சரின்னு ஒரு வார்த்தை சொல்லு.

– என்னம்மா இது? என்ன சொல்றாங்க இவங்க? ஏம்மா, துணியைக் குறுக்கால வெட்டிட்டியே. முதல்ல கத்தரிக்கோலைக் கீழ வை. குடு இப்படி.

– சொல்லு தங்கச்சி. சரின்னு சொல்லு.

– என்னங்க, அவகிட்ட ஒண்ணு சொல்லணும்.

– இன்னுமா நான் நடுவுல நிக்கணும்? நேரா நாலு வார்த்தை கேட்டுத் துரத்தி விடு.

– கடைசித் தடவை. சொல்லுங்க அவகிட்ட. பேச்சைத் திறக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. நடுவுல ஆள் வச்சு மூணு தடவை கேக்கணும். மூடினவ சரின்னு சொன்னப்புறம்தான் நேரா வாயைத் திறக்கணும். எங்களையெல்லாம் வரிசையா உட்கார வச்சு இதைச் சொல்லிக் குடுத்தவளே இவதான். நான் அப்படியே அவ வார்ப்பா நிக்கறதைப் பாத்ததும் சந்தோஷம் தாங்கல, முந்திக்கிட்டா. என் பதில் முடியாது. அப்ப நான் இன்னும் மூடினவதான். மூடினவகிட்ட இவ்வளவு நேரம் நேரா பேசினது யாருன்னு கேளுங்க.

– தங்கச்சி, அதெல்லாம்... இங்க நம்ம மூணு பேருதானே இருக்கோம். யாருக்குத் தெரியப் போகுது?

– நடுவுல நிக்கற நான் சொல்றேன்க்கா, மழை விட்டுப் பத்து நிமிஷம் ஆச்சு. இங்க பேசினா தெருமுனை வரைக்கும் கேக்கும்.

– கேட்டிருக்குங்க. இல்லத்துலேர்ந்து யாரையும் தனியா அனுப்ப மாட்டாங்க. ஒருத்தி பேசணும், கூட வந்தவ அதை எழுதணும். குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன பொண்ணு படிகிட்ட வந்துட்டா, பாருங்க.

– தையல்காரரே, நான் அவங்ககூட வந்தவ. உங்க கடை வாசல்ல நிக்கற அம்மாகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. நான் கிளம்பறேன். அவங்க வர்றதா இருந்தா எனக்குப் பத்தடி பின்னாடி நடந்து வரட்டும். குடைக்குள்ள வர வேண்டாம்.

– ஏய், நில்லு. நான் உன் பொறுப்பாளர். என்னைப் பாத்துப் பேசுடீ. நில்லுன்னு சொல்றேன்ல.

– அந்தப் பொண்ணு திரும்பிக்கூடப் பாக்கலம்மா. தெருவைத் தாண்டிருச்சு. இப்ப உனக்குத் திருப்திதானே?

– ரொம்ப. வயிறு குளிர்ந்து போச்சு. இன்னைக்கு ரெண்டு தட்டு சோறு சாப்பிடுவேன்.

– சாப்பிடு. ஆனா இவங்க அந்தப் பொண்ணு பின்னாடி போகல. படியிலேயே உட்கார்ந்துட்டாங்க.

– மாப்பிள்ளை, என்னால அந்தப் பத்தடி தள்ளி நடக்க முடியாது. அவகிட்ட கேளுங்க. அந்தப் பின்பக்க ரூம் நிஜமாவே கிடைக்குமான்னு கேளுங்க.

– அவரை எதுக்குக் கேக்கற? என்னைப் பாத்துக் கேளு அக்கா.