தைக்காத ஐந்தாவது உடை

பாலே நடனத்தில் பாவாடையை முதலில் குட்டையாக்கியவள் ஆடுகிறவள்தான், தையற்காரி இல்லை. முந்நூறு வருஷத்துக்கு முன் பாரிஸில் நடந்தது என்பார்கள். அவள் பாதங்கள் காற்றில் எவ்வளவு வேகமாக ஒன்றையொன்று தொட்டுப் பிரிகின்றன என்பது யாருக்கும் தெரியவில்லை. பாவாடை மறைத்தது. அதனால் கணுக்கால் தெரியும்படி வெட்டிக்கொண்டாள். ஊர் முதலில் ஏசியது, பிறகு எல்லோரும் வெட்டிக்கொண்டார்கள். நடந்ததை என் வாயாலேயே சொல்லச் சொன்னீர்கள், வக்கீலம்மா. எனக்கு இங்கிருந்துதான் ஆரம்பிக்க வருகிறது.

நகர் நடுவே பபேடானில் மூன்றாவது மாடியில் என் வீடு. முன் அறையில் சுவர்க் கண்ணாடியும் பிடிகம்பியும் இருக்கும். அங்கே வகுப்பு நடக்கும். பின் அறையில் உடைகள். சிங்கப்பூரில் ஒரு நாடக அரங்கின் உடைப் பிரிவில் பல வருஷம் தைத்துவிட்டு, பர்மா வெளியுலகத்துக்குத் திறந்துகொண்ட காலத்தில் திரும்பி வந்தேன். பிள்ளைகள் நிறைய வந்தார்கள். பிறகு பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது, ஊர் மறுபடியும் மூடிக்கொண்டது. ஒருத்தி பினாங்குக்குப் போனாள், ஒருத்தி கொரியாவுக்கு. விடைபெற வந்தவர்கள் எல்லோருக்கும் அல்வா கிண்டிக் கொடுத்துத்தான் அனுப்பினேன். நான் யாரையும் பிடித்து வைக்கிறவள் இல்லை.

கடைசியில் ஷைலா மட்டும் இருந்தாள். இருபத்து மூன்று வயது. அவள் அப்பா நல்லப்பன் மாவ்பி சந்தையில் காய்கறி வியாபாரி. அம்மா பர்மியப் பெண், இப்போது இல்லை. மாவ்பியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவது சிரமம் என்று என் வீட்டிலேயே தங்கினாள். என்னை 'சயாமா' என்பாள். இங்கே டீச்சருக்கு அதுதான் சொல். அவளை வைத்து நான் ஒரு நிகழ்ச்சி அமைத்துக்கொண்டிருந்தேன். ஒரே பெண், ஐந்து உடை, பாலேயின் முழு வரலாறும். முதலில் அரண்மனைக் காலத்து வளையப் பாவாடை. அதைப் போட்டுக்கொண்டு நடக்கத்தான் முடியும், அதனால் நடனமே தரையில் கோலம் போடுகிற நடை. இரண்டாவது, அந்தக் குட்டைப் பாவாடை, அதற்குத் துள்ளல். மூன்றாவது வெள்ளை வலைத்துணி. அதற்குக் கால்நுனியில் மிதப்பது. நான்காவது, இடுப்பிலிருந்து தட்டுப்போல் விறைத்து நிற்பது, எலும்பு என்கிற விறைப்புப் பட்டிகள் வைத்த கச்சோடு. ஐந்தாவதில் ஒன்றுமில்லை, ஒட்டிய கறுப்புப் பயிற்சி உடை. போன நூற்றாண்டில் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு உடம்பை மட்டும் ஆடவிட்டார்கள். ஆட்டத்தின் அடியை உடைதான் தீர்மானிக்கிறது என்பதை நான் காட்ட நினைத்தேன்.

நான்காவது உடைக்கு இடுப்பு அளவு பிடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"மழை முடிஞ்சதும் பாங்காக் போறேன் சயாமா. சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற வேலை. அங்க இருக்கிற என் சிநேகிதன் ஜோஸ் ஏற்பாடு பண்ணிட்டான்."

"சரி. கையைத் தூக்கு" என்றேன்.

அந்த வாரம்தான் நூல் வாங்கப் போய்விட்டு வந்து அவளிடம் சொன்னேன். "கீழே ரெண்டு பேர் உன்னைக் கேட்டாங்க. கட்டாயப் பட்டாளத்துக்கு உன் பேரு குலுக்கல்ல விழுந்திருக்காம்."

"பொம்பளைங்களை எடுக்கலன்னு சொன்னாங்களே."

"அது போன மாசம்."

அவள் ஜன்னலை விட்டு விலகி உட்கார்ந்தாள். விலகும்படி நான் சொல்லவில்லை. கதவையும் ஒரு நாளும் பூட்டியதில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போன் வழியாகக் கண்டுபிடிப்பார்கள் என்று அவளே அதை அணைத்து என்னிடம் கொடுத்தாள். அவள் மனம் மாறிவிட்டது என்று ஜோஸுக்கு எழுதினேன். அவள் எல்லை தாண்டிப் பாங்காக் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நல்லப்பனிடம் சொன்னேன். யாருக்கும் தெரியாமல் இருந்தால்தானே யாரும் உளற மாட்டார்கள்.

வேலை நன்றாக நடந்தது. பாட்டுப் போட முடியாது. நான் மெல்லத் தொடையில் தாளம் தட்டுவேன். கீழ்வீட்டுக்குக் கேட்கும் என்பதால் துள்ளல் கூடாது. மின்சாரம் போய்த் தெரு முழுக்க ஜெனரேட்டர் இரையும்போது மட்டும் குதிக்க விடுவேன். அந்த நேரத்தில் அவள் குதித்ததுபோல் யாரும் குதித்து நான் பார்த்ததில்லை. படியில் யார் ஏறினாலும் பின் அறைக்குப் போய் வளையப் பாவாடைக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்வாள். வெளியே வந்த பிறகும் கொஞ்ச நேரம் அசைய மாட்டாள். அந்த அசையாமை அழகாக இருந்தது. அதை முதல் நடனத்தில் சேர்த்துக்கொண்டேன்.

நல்லப்பன் ஒரு நாள் சுரைக்காயும் கீரையும் எடுத்துக்கொண்டு வந்தார். முன் அறையில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"என் புள்ளகிட்டேர்ந்து ஏதாச்சும் சேதி உண்டா தங்கச்சி?"

"நல்லா இருக்கா அண்ணே. நீங்க தேட வேண்டாம்னு சொல்லச் சொன்னா."

"தேடல. குரல மட்டும் ஒரு தடவ கேட்டாப் போதும்."

அவர் பின்னால் ஆட்கள் சுற்றுகிறார்கள் என்று ஷைலாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். வெளியே வந்தால் இரண்டு பேரையும் கொண்டுபோய்விடுவார்கள். அதனால் அவர் போகும்வரை அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். பிறகு பார்த்தால், வலைத்துணியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்திருந்தாள். அந்த இடம் கிழிந்துவிட்டது. வெட்டிவிட்டு வேறு துணி வைத்துத் தைத்தேன். அன்று சுரைக்காய்தான் சமைத்தேன். அவள் முழுவதும் சாப்பிட்டாள்.

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா வந்தது. தெருவில் குழந்தைகள் கூச்சல்.

"கைய மட்டும் வெளிய நீட்டிக்கட்டுமா சயாமா?"

"எல்லார் கையிலும் போன் இருக்கு. படம் எடுத்துடுவாங்க."

ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து அவள் தலையில் தெளித்தேன். சிரித்தாள். நாங்கள் சந்தோஷமாகவும் இருந்தோம், வக்கீலம்மா.

மெலிந்துகொண்டே போனாள். நான்காவது உடையை இரண்டு முறை இடுப்பில் பிடித்துத் தைத்தேன். ஐந்தாவதைத் தைக்கவில்லை. துணி இருந்தது, நேரமும் இருந்தது. அவள் நான்காவதில் இன்னும் முழுமை அடையவில்லை என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

நடுவில் அவள் அலைபாயத் தொடங்கினாள். "நாமளா வார்டு ஆபீஸுக்குப் போய்ப் பேசிப் பாத்தா என்ன?" என்பாள். அப்படிச் சொல்லும் நாட்களில் கதவு தட்டப்படும், பலமாக. நான் வெளியே போயிருக்கும் சமயமாகத்தான் இருக்கும். திரும்பி வந்து பாவாடைக்குள்ளிருந்து அவளை எடுப்பேன். கை ஜில்லென்றிருக்கும். மடியில் போட்டுத் தட்டிக்கொடுப்பேன். அப்புறம் சில வாரம் பேச்சே எடுக்க மாட்டாள். கடைசி முறை தட்டிய பிறகு நான் சொன்னது மட்டும் தப்பு. "அடுத்த தடவை உனக்குப் பதிலா என்னைக் கொண்டுபோவாங்க" என்றேன். பயந்து இன்னும் உள்ளே ஒடுங்குவாள் என்று நினைத்தேன். அவளை அந்த அளவுக்குத்தான் தெரிந்து வைத்திருந்தேன்.

மறுநாள் காலை ஒத்திகைக்கு அவளுக்கு உடை மாட்டிவிட்டு நான் மார்க்கெட் போனேன். கச்சின் கொக்கிகள் முதுகுப் பக்கம். தானாகக் கழற்ற முடியாது. தட்டுப் பாவாடையைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு, கச்சுக்கு மேல் என் சட்டையைப் போட்டு, லுங்கியைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போயிருக்கிறாள். நேராக, பட்டாளத்துக்கான பேர்ப் பட்டியல் இருக்கும் வார்டு ஆபீஸுக்கு. "நான்தான் ஷைலா. என்னை எடுத்துக்குங்க, எங்க சயாமாவ விட்டுடுங்க" என்றாளாம். இதை அந்த ஆபீஸ் குமாஸ்தா அம்மா உங்களிடமும் சொல்லியிருப்பார். அவர் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு பேர் விழவே இல்லை, உன்னை யாரும் தேடவும் இல்லை என்றிருக்கிறார். "நல்லாப் பாருங்க" என்று இவள் திரும்பத் திரும்பச் சொன்னாளாம். மூச்சு வாங்கியதைப் பார்த்து அந்த அம்மா சட்டைக்குள் கையை விட்டுக் கொக்கிகளைக் கழற்றியிருக்கிறார். பிறகு நல்லப்பனைக் கூப்பிட்டிருக்கிறார்.

நான் திரும்பி வந்தபோது வெட்டிய பாவாடை தரையில் கிடந்தது. பின்பு நல்லப்பன் வந்தார். அவர் என்னை அடிக்கவில்லை. "அன்னைக்கு என் குரல் அவளுக்குக் கேட்டுச்சா?" என்று மட்டும் கேட்டார். கேட்டது என்றேன்.

கதவைத் தட்டியது யார் என்று நீங்கள் மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். மறைக்க ஒன்றுமில்லை. கீழே யாரும் அவளைக் கேட்டு வரவில்லை. நல்லப்பன் பின்னால் யாரும் சுற்றவில்லை. பழைய சந்தையில் ஒரு ஜோடிப் பட்டாள பூட்ஸ் வாங்கி, படிக்கட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு ஏறி வந்து தட்டியது நான்தான்.

அவள் இப்போது மாவ்பியில் தூங்குவதில்லையாம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே அலமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறாளாம். நல்லப்பனுக்கு அதெல்லாம் தெரியாது, பாவம், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். என்னை ஒரு நாள் மட்டும் அங்கே அழைத்துப் போகச் சொல்லுங்கள், வக்கீலம்மா. அவள் அந்தப் பயத்தில் இருக்கும்போது அவளைத் தேற்ற என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.