கழுத்துக்குக் கீழே நான்

முட்டை வீணாகக் கூடாது என்பதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள், மேடம். எங்கள் வீட்டில் தினமும் நான்கு முட்டை உடையும். மஞ்சள் கரு என் வீட்டுக்காரரின் வண்ணத்துக்கு, வெள்ளைக் கரு என் தட்டுக்கு. பன்னிரண்டு வருஷமாக அதையே தின்று தின்று எனக்கு நாக்கு செத்துவிட்டது. ஆனாலும் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை.

அவர் செய்துவந்த வேலை உங்களுக்குத் தெரிந்திருக்கும், பத்திரிகையில் எல்லாம் வந்ததுதான். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய இத்தாலியச் சீமாட்டிகளின் ஓவியங்களை அச்சு அசலாக வரைவார். முகம் மட்டும் இந்தக் காலத்து நடிகை, பாடகி, டென்னிஸ் ஆடுகிறவள் என்று யாராவது ஒரு பிரபலத்தினுடையது. அந்தக் காலத்து முறைப்படியே வண்ணப்பொடியை மஞ்சள் கருவில் குழைத்துத்தான் வரைவார். குழைத்துக் கொடுப்பது நான்.

பிரபலங்கள் வந்து உட்காரமாட்டார்கள், புகைப்படம் அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்குப் பதிலாக உட்கார்ந்ததும் நான்தான். வடக்கு ஜன்னலோரம், முதுகை நிமிர்த்தி, கைமேல் கை வைத்து, மூன்று மணி நேரம். கழுத்து என்னுடையது, தோள் என்னுடையது, பத்து விரலும் என்னுடையவை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். எங்கள் வீட்டில் கை பெண்டாட்டியுடையது, முகம்தான் ஊராருடையது.

"மூஞ்சிய எப்படி வேணா வச்சுக்கோ. டிவிகூடப் பாரு. கை மட்டும் அசையாம இருந்தா போதும்" என்பார். நல்ல மனிதர், அதட்டிப் பேசமாட்டார்.

ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டேன். "ஏங்க, ஒரு படத்துலயாவது என் மூஞ்சியையும் சேர்த்து வரையுங்களேன்." அவர் சிரித்தார். "உன்னத்தான் தினமும் பாக்குறேனே, அதுக்கு எதுக்குப் படம்?" நானும் சிரித்தேன். பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

போன வருஷம் கண்காட்சி வைத்தார்கள். நடிகை ஒருத்தி வந்திருந்தாள். அவள் முகம் போட்ட ஓவியத்தின் முன்னால் நின்று ஒரு பெண்மணி, "உங்க கை எவ்வளவு அழகு" என்று உருகினாள். நடிகைக்குப் பத்து விரலிலும் நகம் கடித்துக் கடித்து மொட்டையாக இருந்தது. கூசாமல், "எங்கம்மா கை அப்படியே எனக்கு வந்திருக்கு" என்றாள். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். "ஆமாங்க, அவங்க கைய வரையத்தான் ரொம்ப நாளாச்சு." நான் இரண்டடி தள்ளி அவளுடைய கைப்பையை வைத்துக்கொண்டு நின்றேன். வயிறு எரிந்தது, மேடம். அதை எதற்கு மறைக்க வேண்டும்?

மறுவாரம் வீட்டில் வெள்ளைப் பொடி தீர்ந்துபோயிற்று. வண்ணக் கடைக்குப் போனேன். வழக்கமாக வாங்குகிற சாதா வெள்ளைக்குப் பக்கத்தில் இன்னொரு பொட்டலம் இருந்தது. என்னவென்று கேட்டேன்.

"அது ஈய வெள்ளைம்மா. அந்தக் காலத்து ஆளுங்க இதத்தான் போட்டாங்க. ஆனா விஷம். கையுறை போட்டுக் கலக்கணும், வாய்ல மட்டும் பட்டுடவே கூடாது" என்றார் கடைக்காரர்.

பொடியும் வாங்கினேன், ஒரு பெட்டி கையுறையும் வாங்கினேன். அவரவர் கையை அவரவர்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்?

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணிமை, உதட்டோரம் வரையும்போது மெல்லிய தூரிகையை உதட்டில் வைத்து ஈரப்படுத்தி முனை கூட்டுவார். நிமிஷத்துக்கு ஒரு தடவை. உடுப்புக்கும் கைக்கும் தடித்த தூரிகை, வாய்க்குப் போகாது. முகத்துக்கு மட்டும்தான் அந்த உபசாரம். "வாய்ல வைக்காதீங்க" என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் சொல்வதை நிறுத்தினேன்.

நிதானமாக யோசித்துப் பாருங்கள். என் கையோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அவருக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. அந்த முகங்கள்தான் அவரைக் கெடுத்தன. நான் யாருடைய வாயையும் பிளந்து ஊற்றவில்லை.

எட்டு மாதத்தில் ஐந்து நடிகைகளும் இரண்டு பாடகிகளும் முடிந்தார்கள். முதலில் வயிற்றுவலி வந்தது. பிறகு மணிக்கட்டு தொங்கிப்போய்த் தூரிகை நிற்கவில்லை. பிறகு மறதி. நான்தான் ஊட்டிவிட்டேன், குளிப்பாட்டினேன், ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தத்தில் ஈயம் இருப்பதை டாக்டர் கண்டுபிடித்துப் போலீஸுக்குச் சொன்னார். நீங்கள் வந்து ஜாடியை எடுத்தீர்கள். சாதா வெள்ளை என்று எழுதிய ஜாடியில் ஈய வெள்ளையைக் கொட்டிவைத்தது நான். தெரிந்துதான் செய்தேன், நான் மட்டும்தான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். காரணம் என்ற இடத்தில் மட்டும் பொறாமை என்று போடாதீர்கள். கட்டினவரிடம் முகத்தைக் காட்ட நினைப்பதற்குப் பெயர் பொறாமையா?

நீங்கள் கூட்டிவருவதற்கு முன்னால், செவ்வாய்க்கிழமை டாக்டர் என்னைக் காட்டி, "இவங்க யாருன்னு தெரியுதா?" என்று அவரைக் கேட்டார். அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் பார்த்ததே இல்லை. "தெரியலையே, யாரோ புதுசா வந்திருக்காங்க" என்றார். சரி என்று போர்வையை இழுத்துவிட்டேன். என் கை கண்ணில் பட்டதும், துவண்டுபோன தன் கையால் அதைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"இது என் பொண்டாட்டி கை. ஆயிரம் கைக்கு நடுவுல வச்சாலும் சொல்லிடுவேன். அவ எங்க? வரச் சொல்லுங்க."

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மறுபடியும் அதே எரிச்சல். நடிகைகள் எல்லாரும் போனார்கள், இப்போது இந்தக் கை வந்து குறுக்கே நிற்கிறது.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமியெல்லாம் வேண்டாம், மேடம். நாளைக்கு ஒரு தடவை அவரைப் பார்க்க விடுங்கள். நீங்கள் எடுத்துவந்த பெட்டியில் இன்னும் நாலு ஜோடிக் கையுறை இருக்கிறது, வீணாகக் கூடாது. அதைப் போட்டுக்கொண்டு போகிறேன். கை தெரியாவிட்டால் முகத்தைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்.